பிரிண்டர் கேபிளுக்குப் பெயர் எத்தனை?

பொருள்களுக்கு நாம் இடும் பெயர்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். 60-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் அறுபது சேர்ந்து ஒரு பவுண்டு எடை நிற்கும் என்பது பொருள். அப்பெயர் அளவைச் சொல்லுகிறது. எந்த ஆலையில் நூற்றாலும், எந்தக் கடையில் வாங்கினாலும் அது மாறாது. ஆடுதுறை 27 என்னும் நெல்லின் பெயரோ அத்தன்மையதன்று. அந்த 27 வெறும் வரிசை எண். முன்னுள்ள சொல் அந்நெல் பிறந்த ஆராய்ச்சி நிலையத்தின் ஊர். அப்பெயரைக் கேட்டு, நெல்மணி நீளமா குட்டையா என்று ஒருவர் கூற இயலாது. முன்பே அறிந்தவர்க்கே அது விளங்கும்.

கம்ப்யூட்டருடன் இணைத்து உபயோகிக்கும் பழைய பிரிண்டர்களின் கேபிள்களுக்கு வழங்கும் பெயர்களில் இவ்விரு வகையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துள்ளன. சில, செய்த கம்பெனியின் பெயர்கள். சில, முனைகளின் எண்ணிக்கை. சில, உறையின் அளவைக் குறிக்கும் எழுத்துக்கள். சில, எவரோ தவறாகச் சொல்லத் தொடங்கி நிலைத்துவிட்டவை. இதனைத் தெரிந்துகொள்ளுவது வீண் ஆராய்ச்சி என்று அங்கத்தினர்கள் எண்ண வேண்டாம். நம் சங்கங்கள் சிலவற்றில் ரசீது போடுவதற்கு இன்றும் டாட் மேட்ரிக்ஸ் எனப்படும் புள்ளியச்சுப் பிரிண்டரே இருந்து வருகிறது. மைநாடாவின் மீது ஊசிகள் மோதித் தாளை அடித்து அச்சிடுவதால், கார்பன் வைத்த இரண்டு மூன்று படிகள் ஒரே அடியில் விழுகின்றன. மையைத் தெளிக்கும் பிரிண்டரோ, லேசர் பிரிண்டரோ இதனைச் செய்ய முடியாது. ஆகையால் இந்தப் பழைய பொறிகளை எளிதில் கழித்துவிடுவதற்கில்லை.

ஒரு சங்கத்தின் செலவுச் சீட்டுக்களைப் பரிசீலித்தபோது, "பிரிண்டர் கேபிள் – 1" என்று ஒரே வாசகத்துடன் மூன்று பில்கள், அடுத்தடுத்த மாதங்களில் போடப்பட்டிருப்பதைக் கண்டேன். மூன்று கேபிள்களும் பிரிக்கப்பட்டு அலமாரியில் இருந்தன; மூன்றும் பிரிண்டருக்குப் பொருந்தாதவை. இடைப்பட்ட காலத்தில், கொள்முதல் பருவத்தின் நெருக்கடியில், பட்டுவாடா ரசீதுகள் யாவும் கையால் எழுதப்பட்டன. தம் சரக்கை ஒப்படைத்துவிட்டு அங்கத்தினர்கள் மாலை வரை வரிசையில் நின்றார்கள். பிரிண்டர் பழுது என்று முடிவு செய்து, புதிது வாங்க நிர்வாகக் குழு தீர்மானமும் இயற்றிவிட்டது. பிரிண்டரில் யாதொரு பழுதும் இல்லை. காரியதரிசி கவனக் குறைவானவர் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் எவரேனும் ஒருவர் சொல்லிய பெயரைத்தான் அவர் கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரரும் அப்பெயருக்குரிய பொருளைத்தான் கொடுத்திருக்கிறார். குற்றம் பெயரில் இருந்தது. அம்மூன்று கேபிள்களும் எவை என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் எல்லாரும் சொல்லும் "சென்ட்ரானிக்ஸ்" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வாங் லேபரட்டரீஸ் என்ற கம்பெனியின் ஒரு பிரிவாகத் தொடங்கி, பின்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹட்ஸன் என்னும் ஊரில் தனிக் கம்பெனியாக விளங்கியது சென்ட்ரானிக்ஸ். ராபர்ட் ஹோவர்டு என்பவர் அதன் தலைவர். சூதாட்ட விடுதிகளின் கணக்கைக் கவனிக்கும் கருவிகளைச் செய்வதே அவர்களுடைய ஆரம்பத் தொழில். அங்கே ரசீதும் கணக்குப் பட்டியலும் அச்சிட வேண்டிய தேவையிலிருந்து பிரிண்டர் பிறந்தது. சிக்கனத்தை வளர்க்கும் சங்கங்களில் ரசீது போடும் கருவியின் மூதாதை சூதாட்ட விடுதியில் தோன்றியது ஒரு விந்தையே. 1970-ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கம்பெனியின் 101 என்னும் மாதிரி, ஏழு ஊசிகளைக் கொண்டு விநாடிக்கு 165 எழுத்துக்களை அடித்தது. ஜக்கார்டுத் தறியில் அட்டையின் துளைகள் எந்தக் கொக்கி எழ வேண்டும் என்று தீர்மானிப்பதைப் போல, இங்கே மின்சாரச் சமிக்ஞை எந்த ஊசி அடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது.

அந்தப் பிரிண்டருக்குச் செய்தி கொண்டுசெல்ல ஓர் இணைப்பு வேண்டியிருந்தது. வாங் கம்பெனியாரிடம், அவர்கள் முன்னர் ஒரு கணக்கிடும் யந்திரத்துக்காக வாங்கி மீந்துபோன 36 முனை இணைப்பிகள் ஏறத்தாழ 20,000 கையிருப்பில் இருந்தன என்பது அத்துறையின் வரலாற்றில் பதிவாகியுள்ள செய்தி. இருப்பதை உபயோகித்துக்கொண்டார்கள். 36 முனைகளும் வேலைக்கு வேண்டும் என்பதற்காக அது தேர்ந்தெடுக்கப்படவில்லை. தேவைக்கு அதிகமான முனைகள் இருந்தபடியால் பலவற்றைப் பூமி இணைப்புக்கு ஒதுக்கினார்கள். கிடங்கில் தேங்கிய சரக்கு உலகத்துக்கே வழக்கமாகிவிட்டது.

அந்த இணைப்பியைச் செய்தது சென்ட்ரானிக்ஸும் அன்று, வாங்கும் அன்று. அதனைச் செய்தது ஆம்பெனால் என்னும் கம்பெனி. அமெரிக்கன் பினாலிக் என்ற பழைய பெயரின் சுருக்கமே ஆம்பெனால். அவர்கள் அதற்கு இட்ட பெயர் "மைக்ரோ ரிப்பன்". ரிப்பன் என்றால் நாடா. இந்த இணைப்பியில் ஊசியும் இல்லை, துளையும் இல்லை. நடுவிலுள்ள பட்டையின் இரு பக்கமும் நாடா போன்ற தகடுகள் பதினெட்டுப் பதினெட்டாகப் படிந்திருக்கும். எதிர்ப்புறத்துத் தகடுகள் அவற்றின் மீது உராய்ந்து நிற்கும். ஆகையால் "36 பின்" என்று கடையில் சொல்லப்படுவதும் கண்டிப்பாகப் பார்த்தால் சரியன்று. பிரிண்டரின் பக்கத்தில் இரு ஓரங்களிலும் கம்பி வளையங்கள் இருக்கும். கேபிளைச் செருகியபின் அவற்றை மடக்கிப் பூட்ட வேண்டும். இந்த வளையங்களே அதனை அடையாளம் காண எளிய வழி.

இதன் வழியாகச் செல்லும் செய்தி இணை முறையைச் சார்ந்தது. ஓர் எழுத்துக்கு எட்டுக் கம்பிகள். எட்டும் ஒரே சமயத்தில் செய்தியைத் தாங்கி நிற்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து "ஏ"வுக்கு உரிய எண் 65. அறுபத்து நாலும் ஒன்றும் சேர்ந்தது 65 ஆகையால், எட்டில் இரண்டு கம்பிகளில் மட்டும் மின் அழுத்தம் இருக்கும். ஏனைய ஆறும் வெறுமையாக இருக்கும். "ஸ்ட்ரோப்" என்னும் ஒன்பதாவது கம்பி, "இப்பொழுது எடுத்துக்கொள்" என்று ஒரு தட்டுத் தட்டும். பிரிண்டர் வேலையாக இருந்தால், "பொறு" என்று வேறொரு கம்பி வழியே பதில் சொல்லும். தாள் தீர்ந்துவிட்டால் அதற்கும் ஒரு கம்பி உண்டு. கேபிள் சரியில்லாதபோது ஒரு பிரிண்டர் கோணல்மாணலாக அச்சிடுவதும், தாள் இருந்தும் இல்லை என்று அடம் பிடிப்பதும் இதனாலேயே. எட்டுக் கம்பிகளுள் ஒன்று அறுந்தாலும் சில எழுத்துக்கள் வேறாகிவிடும், சில எழுத்துக்கள் சரியாகவே விழும்.

இவ்வளவில் நின்றிருந்தால் பிரிண்டரின் பக்கத்தில் 36 முனை, கம்ப்யூட்டரின் பக்கத்திலும் 36 முனை என்று கதை முடிந்திருக்கும். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் பெர்ஸனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது வழி பிரிந்தது. அவர்கள் அதனுடன் விற்ற பிரிண்டர், ஜப்பானிய எப்சன் கம்பெனியின் எம்.எக்ஸ்.-80 என்னும் பொறிக்கு ஐ.பி.எம். பெயரை ஒட்டியதே. அதன் பின்புறம் 36 முனைச் சாக்கெட்டுடன்தான் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரின் உள்ளே திரைக்கும் பிரிண்டருக்கும் சேர்த்து ஒரே அட்டையை அமைத்திருந்தார்கள். அவ்வட்டையின் குறுகிய பின் தகட்டில், திரைக்கு உரிய 9 துளைச் சாக்கெட்டும் பிரிண்டர் சாக்கெட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக அமைய வேண்டும். 36 முனைச் சாக்கெட்டுக்கு அங்கே இடம் ஏது? ஆகவே 25 துளைச் சாக்கெட்டு ஒன்றை வைத்தார்கள். செய்திக்கும் கட்டுப்பாட்டுக்கும் 17, பூமி இணைப்புக்கு 8. ஆகக் கூடுதல் 25. அன்று முதல் பிரிண்டர் கேபிள் என்பது இரு முனைகளிலும் இருவேறு உருவம் உடையதாயிற்று.

கேபிளைத் தாமே பற்றவைக்க விரும்பும் மின் தொழிலாளர் நம்மிடையே உண்டு. அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1 முதல் 14 வரை இரு பக்கத்து எண்களும் ஒன்றுக்கொன்று நேரானவை. பதினைந்திலிருந்து நேர் இல்லை. 25 முனைப் பக்கத்தின் 15, எதிர்ப்பக்கத்தின் 32-க்குச் செல்ல வேண்டும், 16, 31-க்கு, 17, 36-க்கு. பதினான்கு கம்பிகள் வரிசையாக வருவதைப் பார்த்து எஞ்சியவற்றையும் வரிசையாகவே பற்றவைத்தவருடைய கேபிள், கண்ணுக்கு எவ்வளவு ஒழுங்காகத் தோன்றினாலும் வேலை செய்யாது.

இனி 25 முனையின் பெயர். இதனை "டி.பி.-25" என்கிறார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக் கேனன் கம்பெனி 1952-ஆம் ஆண்டில் கொண்டுவந்த குடும்பத்தைச் சேர்ந்தது இது. தலைகீழாகச் செருக இயலாதவாறு அதன் உலோக உறை "டி" என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் இருப்பதால் முதலெழுத்து வந்தது. அவர்கள் அதற்குக் கொடுத்த முழுப் பெயரின் பொருள் "சிறியதினும் சிறியது" என்பது. இன்று அதைக் கையில் எடுப்பவர் நகைப்பார். இரண்டாவது எழுத்து உறையின் அளவு. "ஏ" என்றால் 15 முனை கொள்ளும் உறை. "பி" என்றால் 25. "சி" என்றால் 37. "டி" என்றால் 50. "ஈ" என்றால் 9. எழுத்து வரிசையும் அளவு வரிசையும் ஒத்துப்போகவில்லை என்பதைப் பாருங்கள். எல்லாவற்றிலும் சிறியது கடைசி எழுத்தைப் பெற்றிருக்கிறது.

ஐ.பி.எம். கம்ப்யூட்டரால் 25 முனை இணைப்பி ஊரெங்கும் பரவியது. "டி.பி." என்றாலே இந்தச் சாதியின் பொதுப்பெயர் என்று மக்கள் எண்ணிக்கொண்டார்கள். 1984-இல் அதே கம்பெனி தன் அடுத்த கம்ப்யூட்டரில் 9 முனை இணைப்பியைத் தொடர் முறைக்கு வைத்தபோது, அதனையும் "டி.பி.-9" என்று அழைத்தார்கள். கேனன் முறைப்படி அது "டி.ஈ.-9". 25 முனைக்குரிய பெரிய உறையில் ஒன்பதே முனை என்று பொருள்படும் அப்பெயர், இல்லாத பொருளுக்கு இட்ட பெயர். எனினும் இன்று கடையில் "டி.ஈ.-9" என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார், "டி.பி.-9" என்றால் உடனே எடுத்துத் தருவார். வழக்கு வென்றுவிட்ட இடத்தில் இலக்கணம் பேசிப் பயனில்லை என்பது என் கருத்து. கெடுதல் விளையாத தவறு இது. எண்ணிக்கை பெயரிலேயே இருப்பதால் எவரும் ஏமாறுவதில்லை.

கெடுதல் விளைவது வேறிடத்தில். "டி.பி.-25" என்பது உறையைத்தான் குறிக்கும், உள்ளே என்ன ஓடுகிறது என்பதைக் குறிக்காது. ஆர்.எஸ்.-232 எனப்படும் தொடர் முறையிலும் இதே உறை நெடுங்காலமாக உண்டு. தொடர் முறையில் எழுத்தின் எட்டுக் கூறுகளும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். ஆப்பிள் கம்பெனியின் இமேஜ்ரைட்டர் போன்ற சில பிரிண்டர்கள் இந்த முறையில் அமைந்தவை. இணை முறையின் கம்பிகளில் 5 வோல்ட்டுக்கு மேல் இல்லை. தொடர் முறையிலோ, கம்ப்யூட்டர்களில் வழக்கமாக மேலே 12 வோல்ட்டும் கீழே 12 வோல்ட்டுமாக ஏறி இறங்கும். உருவம் பொருந்துகிறது என்று ஒன்றை மற்றொன்றில் செருகினால், அச்சு வராமல் போவதோடு நிற்காமல் பொறியே கெடவும் கூடும். ஐ.பி.எம். வழிவந்த கம்ப்யூட்டர்களில் ஓர் அடையாளம் உண்டு: 25 துளைகள் உள்ள சாக்கெட்டு பிரிண்டருக்கு, 25 ஊசிகள் நீட்டிக்கொண்டிருப்பது தொடர் முறைக்கு. கடைக்காரர் வழக்கில் முன்னது பெண், பின்னது ஆண். ஆப்பிள் மக்கின்டாஷ் கம்ப்யூட்டர்களில் இந்த அடையாளமும் செல்லாது. 1986-ஆம் ஆண்டின் மக்கின்டாஷ் பிளஸ் முதல், வட்டுப் பெட்டிகளை இணைக்கும் ஸ்கஸி என்னும் முறைக்கு அதே 25 துளைச் சாக்கெட்டை உபயோகித்தார்கள். அதில் பிரிண்டர் கேபிளைச் செருகுவது கேடு.

"சென்ட்ரானிக்ஸ்" என்ற பெயருக்கும் இதே கதி நேர்ந்தது. ஆம்பெனாலின் நாடாத் தகடு இணைப்பியில் 50 முனை உடையது, மேற்கூறிய ஸ்கஸி முறைக்கு வந்தபோது, அதனைச் "சென்ட்ரானிக்ஸ் 50" என்று அழைத்தார்கள். அந்தக் கம்பெனிக்கும் அந்த முறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சோதனைச் சாலைக் கருவிகளுக்காக ஹியூலெட் பாக்கார்டு கம்பெனி வகுத்த முறையில் 24 முனை உடைய தம்பி ஒன்று உண்டு. தூரத்தில் பார்த்தால் அண்ணனையே ஒக்கும். இதற்கிடையில், பெயரைத் தந்த சென்ட்ரானிக்ஸ் கம்பெனி 1987-இல் தன் பிரிண்டர் தொழிலை ஜெனிகாம் என்னும் கம்பெனிக்கு விற்றுவிட்டது. மறு ஆண்டு எக்கோ என்ற சமையல் பாத்திரக் கம்பெனியை வாங்கி, அதன் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது. கரண்டியும் வாணலியும் விற்கப் போனவர்களின் பழைய பெயர் நம் பிரிண்டர்களின் முதுகில் தங்கிவிட்டது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1994-ஆம் ஆண்டில் ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் மின் பொறியாளர் சங்கம் 1284 என்ற எண்ணுடன் ஒரு தர விதியை வெளியிட்டது. கம்பெனிப் பெயர்களை அறவே விலக்கி, 25 முனையை "ஏ" வகை என்றும், பழைய 36 முனையை "பி" வகை என்றும், நெருக்கமாக அமைந்த புதிய சிறு 36 முனையைச் "சி" வகை என்றும் குறித்தார்கள். கேபிளின் தரத்தையும் வரையறுத்தார்கள். பழைய கேபிள்கள் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் நம்பத்தகாதவையாக இருந்த நிலை மாறி, விதிப்படி செய்த கேபிள் 10 மீட்டர் வரை செல்லலாம் என்றாயிற்று. நன்றாகச் செய்த காரியம். ஆயினும் இரண்டே ஆண்டுகளில், 1996-இல், யு.எஸ்.பி. என்னும் புதிய முறை வந்தது. அதிலும் கம்ப்யூட்டர்ப் பக்கத்துக்கு "ஏ" என்றும் பிரிண்டர்ப் பக்கத்துக்கு "பி" என்றும் பெயரிட்டார்கள்! ஆகவே "பிரிண்டருக்கு ஏ–பி கேபிள்" என்பது 1284 விதிப்படி ஒரு பொருள், யு.எஸ்.பி. விதிப்படி முற்றிலும் வேறொரு பொருள்.

மேலே கூறிய சங்கத்தின் மூன்று கேபிள்களை இப்பொழுது வாசகர்களே ஊகித்துவிடலாம். கம்ப்யூட்டரின் பின்புறத்தைப் பார்த்தவர் "டி.பி.-25" என்றார், இரு பக்கமும் 25 உள்ள கேபிள் வந்தது. பிரிண்டரின் பின்புறத்தைப் பார்த்தவர் "சென்ட்ரானிக்ஸ்" என்றார். இரு பக்கமும் 36 உள்ளது வந்தது. பழைய விளக்கப் புத்தகத்தைப் படித்தவர் "ஏ–பி" என்றார், யு.எஸ்.பி. வந்தது. மூவரும் சொல்லியது பொய்யன்று.

கேபிள் வாங்கும் தேவைச் சீட்டில் பெயரை மட்டும் எழுதாமல், நூலுக்கு நம்பர் எழுதுவதுபோல் அளவை எழுதினால் இந்தச் செலவு நேராது. "ஒரு முனை: 25 ஊசி, ஆண், டி வடிவ உறை. மறு முனை: 36 தகடு, ஆண், கம்பி வளையத்தில் பூட்டுவது. இணை முறைப் பிரிண்டர் கேபிள், 1284 விதிப்படி. நீளம் 1.8 மீட்டர்" என்று எழுதலாம். எழுதுமுன் கம்ப்யூட்டர், பிரிண்டர் ஆகிய இரண்டின் பின்புறத்தையும் பார்த்தல் வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை அனுமானிப்பதில்தான் பிழை நுழைகிறது. பில்லிலும் இதே வாசகத்தை எழுதித் தருமாறு கடைக்காரரைக் கேட்டுக்கொண்டால், பொருந்தாததைத் திருப்பிக் கொடுக்க ஆதாரம் இருக்கும். தணிக்கைக்கும் அது உதவும்.

கம்ப்யூட்டர் புதிதாகவும் பிரிண்டர் பழையதாகவும் இருக்கும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் 25 துளைச் சாக்கெட்டே இல்லை. ஒரு பக்கம் யு.எஸ்.பி. "ஏ", மறு பக்கம் 36 தகடு என்று அமைந்த மாற்றுக் கேபிள் கிடைக்கிறது. உள்ளே ஒரு சிறு மின்சுற்று இருந்து ஒரு முறையை மற்றொரு முறைக்கு மாற்றித் தருகிறது. விண்டோஸ் வழியே அச்சிடும் புரோகிராம்களுக்கு இது போதும். ஆனால் பழைய டாஸ் முறையில் எழுதப்பட்ட கணக்குப் புரோகிராம்கள் "எல்.பி.டி. 1" என்னும் பெயருக்கே அச்சை அனுப்புகின்றன. வரி வரியாக அச்சிடும் பெரும் பிரிண்டர்களின் காலத்தில் உண்டான பெயர் அது, இன்றைய விண்டோஸிலும் ஒரு கோப்புக்கு "எல்.பி.டி. 1" என்று பெயர் வைக்க அது இடங்கொடாது. மாற்றுக் கேபிள் அந்தப் பெயரில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆகையால் கேபிள் சரியாகப் பொருந்தி, விண்டோஸின் சோதனைத் தாளும் ஒழுங்காக வந்து, ரசீது மட்டும் வராமலிருக்கும். அப்போது கேபிளை மாற்றக் கூடாது. பிரிண்டரை அதே கம்ப்யூட்டரில் பொதுப் பகிர்வுக்கு வைத்து, "நெட் யூஸ்" என்னும் கட்டளையால் அந்தப் பகிர்வை "எல்.பி.டி. 1" என்ற பெயருடன் இணைத்துவிட்டால், பழைய புரோகிராம் வித்தியாசம் தெரியாமல் அச்சிடும். புரோகிராமைப் பராமரிப்பவரிடம் இவ்வளவைச் சொன்னால் அவர் செய்து தருவார்.